'என்று' சேர்த்துப் பாருங்கள்: நெருக்கடியிலும் வேலை கெடாமல் இருக்க

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: "ஃப்ரீ ஆனதும் கூப்பிடுங்க. கொஞ்சம் பேசணும்."

செய்தி அவ்வளவுதான். அதைப் படித்து முடிப்பதற்குள் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட்டில் தப்பு கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. வீட்டுக் கடன் தவணைக்கு என்ன செய்வது? அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வயிற்றைப் பிசைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கையிலிருந்த வேலை அப்படியே நிற்கிறது. தயங்கித் தயங்கி அரைமணி கழித்துக் கூப்பிட்டால், அடுத்த வாரம் விடுப்பில் போகிறவரின் வேலையை யார் பார்ப்பது என்று கேட்கிறார்.

பல சமயம் இப்படி முடியும். சில சமயம் செய்தி உண்மையிலேயே மோசமானதாக இருக்கும். எதுவானாலும் அந்த அரைமணி போனது போனதுதான். அந்த அரைமணியை மீட்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பதற்றமே வராமல் இருக்க வழி சொல்லப்போவதில்லை. அப்படி ஒரு வழி எனக்குத் தெரிந்து கிடையாது. பதற்றம் வந்த பிறகும் நன்றாக வேலை செய்ய முடியும். அதற்குப் பழகிக்கொள்ளவும் முடியும்.

1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்தவர் ஆரன் பெக். மனச்சோர்வோடு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சும் அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். நான் எதற்கும் லாயக்கில்லை, இவருக்கு என்னைப் பார்த்தாலே சலிப்பு, எல்லாம் முடிந்தது என்கிற மாதிரியான வாக்கியங்கள். யாரும் யோசித்து வரவழைத்தவை அல்ல, தாமாக வந்தவை. அவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். இன்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி) என்ற பெயரில் உலகம் முழுக்கச் செய்யப்படுவது அங்கிருந்து வளர்ந்ததுதான். அவர் கண்டதில் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் உதவுவது ஒன்று உண்டு: மேனேஜரின் செய்திக்கும் வயிற்றுப் பிசைவுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் வந்துபோகிறது. அதைப் பிடிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

குரங்கை விரட்டாதீர்கள்

பிடிப்பது வேறு, விரட்டுவது வேறு. நெருக்கடியில் நம்மில் பெரும்பாலானோர் செய்வது விரட்டும் வேலைதான். "அதையே நினைக்காதே", "பாசிட்டிவா இரு" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதும் அதையேதான். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லி அனுப்பிய வைத்தியர் கதை நமக்குத் தெரியும். அதுவரை குரங்கின் நினைப்பே இல்லாதவனுக்கு, அதன் பிறகு மருந்துக் கிண்ணத்தைத் தொட்டாலே குரங்குதான்.

இதை 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்தே பார்த்துவிட்டார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள். நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. இப்போது கரடியைத் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. நேர்காணல் அறைக்கு வெளியே உட்கார்ந்து 'பயப்படக் கூடாது, பயப்படக் கூடாது' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருப்பவர், கரடிக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்.

வந்த உணர்ச்சி முகத்தில் தெரியாமல் மறைப்பதற்கும் விலை உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளில், உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கிக்கொண்டு படங்களைப் பார்த்தவர்களுக்கு, அப்போது கேட்ட விவரங்கள் சரியாக நினைவில் நிற்கவில்லை. மீட்டிங்கில் கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்ததும் "என்ன முடிவாச்சு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோமே, அதன் காரணம் இங்கே இருக்கிறது.

ஒரு சிறு சொல்

விரட்டவும் கூடாது, நம்பவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? எண்ணத்தின் கடைசியில் ஒரு 'என்று' சேருங்கள்.

'என் வேலை போகப்போகிறது.' இது தீர்ப்பு மாதிரி இருக்கிறது. 'என் வேலை போகப்போகிறது என்று ஓர் எண்ணம் வருகிறது.' இது தகவல். சொற்கள் கிட்டத்தட்ட அவையே. ஆனால் முதல் வாக்கியத்தில் நீங்கள் எண்ணத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதில் வெளியே நின்று பார்க்கிறீர்கள். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து வளர்த்த ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த சிகிச்சையில் இது ஒரு முக்கியமான பயிற்சி. ஹேய்ஸுக்கே, இளம் பேராசிரியராக இருந்தபோது, துறைக் கூட்டம் ஒன்றில் பேச வாயெடுத்து, பீதி தாக்கி, குரல் எழாமல் போனது உண்டு. அவர் ஆராய்ந்தது அவருக்கே நேர்ந்த துன்பத்தையும் சேர்த்துத்தான்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன். நாம் 'எனக்குக் கோபம் வருகிறது' என்கிறோம். பயம் வருகிறது, அழுகை வருகிறது, எரிச்சல் வருகிறது. உணர்ச்சி நம்மிடம் வந்து சேர்கிற ஒன்று என்பதை மொழியே ஒத்துக்கொள்கிறது. வந்தது கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு போகும். அந்த 'வருகிறது' என்ற வினையைப் பேச்சுக்காகச் சொல்லாமல், பொருள் உணர்ந்து சொல்லிப் பாருங்கள். வந்திருப்பது எது என்று பெயரையும் சரியாகச் சொல்லுங்கள். 'டென்ஷனா இருக்கு' என்பது மூட்டை. அவிழ்த்தால் உள்ளே இருப்பது அவமான பயமாக இருக்கலாம், சக ஊழியர் மேல் பொறாமையாக இருக்கலாம், வெறும் பசியாகவும் இருக்கலாம். 2007-இல் மாத்யூ லீபர்மன் குழு, கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்வு செய்யச் சொல்லி மூளையைப் படம்பிடித்தது. பெயர் சூட்டும்போது, அபாயத்துக்கு அலறும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்திருந்தது.

பெயர் சொன்னதும் பயம் ஓடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பயம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கீபோர்டு உங்கள் கையில் இருக்கும். அது போதும்.

பிறகு ஒரு காகிதத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் தெரிந்ததையும் வலப்பக்கம் ஊகித்ததையும் எழுதுங்கள். அந்த வெள்ளிக்கிழமைச் செய்திக்கு இடப்பக்கம் ஒரே வரிதான் வரும்: 'மேனேஜர் பேச வேண்டும் என்கிறார்.' மற்றதெல்லாம் வலப்பக்கம். இதைத் தலைக்குள்ளேயே செய்யப் பார்க்காதீர்கள். தலைக்குள் கோடு நிற்காது.

படபடப்பு வேலைக்கு வந்த ஆள்

உடம்பைப் பற்றி ஒரு தவறான பாடம் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது: நன்றாகப் பேச வேண்டுமென்றால் முதலில் அமைதியாக வேண்டும் என்று. மேடையேறும் முன் இதயம் அடித்துக்கொள்கிறது என்றால், ரத்தமும் ஆக்சிஜனும் கூடுதலாக ஓடுகின்றன. உடம்பு வேலைக்குத் தயாராகிறது. அந்த நேரத்தில் அதைப் படுக்கவைக்கப் பார்ப்பது, ஓடத் தொடங்கிய பஸ்ஸைக் கையால் பிடித்து நிறுத்துவது மாதிரி. ஹார்வர்டின் அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாட, பேச, கணக்குப் போட வேண்டியிருந்தவர்களில் சிலரைத் தங்களுக்கு உற்சாகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் செய்தார். அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட அவர்கள் நன்றாகவே செய்தார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். திருவிழாத் தேர் கிளம்பும்போதும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, யாரும் மருந்து தேடுவதில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு நான் எதிரி அல்ல. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலைந்து முறை. இதயத் துடிப்பின் வேகம் சற்று இறங்கும். கழிவறைக்குப் போய்வரும் நேரத்தில் செய்துவிடலாம்.

நேர்காணலுக்கோ பெரிய பிரசன்டேஷனுக்கோ முன்பு பத்து நிமிடம் கிடைத்தால் இன்னொன்று செய்யுங்கள். உங்கள் பயத்தை எழுதுங்கள். ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை எழுதிய மாணவர்கள், குறிப்பாகத் தேர்வு என்றாலே நடுங்குகிறவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகத் தேர்வெழுதினார்கள். கணக்கையும் பதிலையும் தற்காலிகமாக ஏந்தி வைத்திருக்கும் நினைவுக்கு இடம் குறைவு. பயம் அங்கே பாயை விரித்துப் படுத்துவிட்டால் பதிலுக்கு இடமில்லை. எழுதும்போது அது காகிதத்துக்கு இடம் மாறுகிறது. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடலாம்.

முன்பே எழுதி வைத்த பதில்

இதுவரை சொன்னவை நெருக்கடி வந்த பிறகு செய்வதற்கு. அவற்றைவிட வலுவானது அமைதியான நாளில் செய்து வைப்பது. இதற்கு அப்போலோ 11-ஐவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1969 ஜூலை 20. நிலவில் இறங்கிக்கொண்டிருந்த கலத்தின் கணினி திடீரென்று 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் அதன் பொருள் தெரியவில்லை. தொடரலாமா, இறக்கத்தைக் கைவிடலாமா என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. பின்னறையிலிருந்து அவருக்கு உதவிய ஜாக் கார்மனுக்கு 24. உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. சில நொடிகளில், தொடரலாம் என்று பதில் போனது.

எஃகு மனம் என்று இதைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். உண்மை அதைவிடப் பயனுள்ளது. சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே மாதிரி ஓர் எச்சரிக்கையைப் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே எழுப்பினார்கள். பேல்ஸ் இறக்கத்தைக் கைவிடச் சொன்னார். தேவையே இல்லாத முடிவு அது. ஒத்திகை முடிந்ததும், விமானக் கட்டுப்பாட்டு இயக்குநர் ஜீன் கிரான்ஸ், இப்படி வரக்கூடிய எல்லா எச்சரிக்கைகளுக்கும் என்ன செய்வது என்று பட்டியல் போடச் சொன்னார். கார்மன் அதைக் கையால் எழுதித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். ஜூலை 20 அன்று அந்த இளைஞர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பட்டியலைப் பார்த்தார்கள்.

உங்கள் வேலையிலும் 1202 உண்டு. திரும்பத் திரும்ப உங்களைத் தடுமாற வைப்பவை நாலோ ஐந்தோதான் இருக்கும். இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன் என்ற வடிவத்தில் அவற்றுக்குப் பதில் எழுதி வையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் தொடங்கி ஆராய்ந்து காட்டியது இந்த வடிவத்தின் பலத்தைத்தான். 'இனி நிதானமாக இருப்பேன்' என்ற பொதுவான உறுதி நெருக்கடியில் காணாமல் போகும். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்பது கைக்கு வந்துவிடும்.

கிளையன்ட் கேட்கும் எண் என்னிடம் இல்லையென்றால், "சரிபார்த்து நாலு மணிக்குள் மெயில் அனுப்புகிறேன்" என்பேன். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டால், நோட்டை எடுத்து அவர் சொல்வதை எழுதத் தொடங்குவேன். முடித்ததும் "எந்த இடத்தில் தப்பு என்று சொல்லுங்க சார், அதைச் சரிபண்ணிவிடுகிறேன்" என்பேன். நேர்காணலில் மூளை வெறுமையாகிவிட்டால், கேள்வியை என் சொற்களில் திருப்பிக் கேட்பேன். எரிச்சலூட்டும் மெயில் வந்தால், பதிலை எழுதுவேன், ஆனால் 'டூ' கட்டத்தில் பெயரைப் போடாமல் டிராஃப்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

கடைசியில் சொன்னதை மட்டுமாவது இன்றே தொடங்குங்கள். கோபத்தில் அனுப்பிய ஒரு மெயில் பல ஆண்டுப் பழக்கத்தை முறித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தவறு

தவறு நடந்த பிறகு வரும் பத்து நிமிடங்களைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. என் முதல் வேலையில், மாதக் கடைசி நாளில் ஒரு பில்லில் தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டேன். சின்னத் தவறு, திருத்தக் கூடியது. ஆனால் 'என்னை என்ன நினைப்பார்கள்' என்ற பதைப்பிலேயே திருத்தி, திருத்திய பில்லை வேறொரு வாடிக்கையாளருக்கு அனுப்பிவைத்தேன். அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. முதல் தவறு கவனக்குறைவால் வந்தது. இரண்டாவது, முதல் தவறைப் பற்றிய எண்ணத்தால் வந்தது.

சென்னைக்காரரான செஸ் வீரர் குகேஷின் கதையை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில், பதினாறு வயதில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். பத்தாவது சுற்றில், வெல்ல வேண்டிய நிலையிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் தோற்றார். கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, அவருடைய அணிக்கு வெண்கலம். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டியான கேண்டிடேட்ஸின் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம், நேர நெருக்கடியில், மறுபடியும் ஒரு கசப்பான தோல்வி. அடுத்த நாள் ஓய்வு நாள். அதன் பிறகு அவர் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பதின்மூன்றாவது சுற்றில் அதே ஃபிரூஜாவை வென்று, போட்டியையும் வென்றார். இது தனக்கான தருணமாக இருக்கலாம் என்று தோன்றியது அந்த ஏழாவது சுற்றுத் தோல்விக்குப் பிறகுதான் என்று அவரே பின்னால் சொன்னார்.

அந்த ஆண்டு இறுதியில் சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தையே தோற்றார். மூன்றாவதில் வென்று சமன் செய்தார். பதினொன்றாவதில் முன்னிலை பெற்று, பன்னிரண்டாவதில் அதை இழந்தார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டிக்கான தயாரிப்பில் அவரோடு மனப் பயிற்சியாளராக இருந்தவர் பாடி அப்டன். 2011-இல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு பணியாற்றியவர். பதினெட்டு வயதில் உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவரே மனத்துக்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்கிறார் என்றால், நாற்பது வயதில் குழு நடத்துகிறவர் உதவி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அலுவலகத்தில் நமக்கு ஓய்வு நாள் கிடைக்காது. இரண்டு நிமிடம் கிடைக்கும். தவறு தெரிந்ததும் கையை எடுங்கள். எழுந்து தண்ணீர் குடியுங்கள். பிறகு மூன்று வரி: என்ன நடந்தது, யாருக்கு இப்போதே சொல்ல வேண்டும், அடுத்து செய்ய வேண்டிய ஒரே வேலை எது. 'நான் ஏன் இப்படி' என்ற விசாரணையை மாலைக்குத் தள்ளிவையுங்கள். தள்ளிவையுங்கள் என்றுதான் சொல்கிறேன், தூக்கி எறியச் சொல்லவில்லை. மாலையில் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும், அப்போதுதான் உங்கள் 1202 பட்டியலில் ஒரு வரி கூடும்.

எல்லாமே உங்கள் மனம் அல்ல

இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு யாரும் உங்களிடம் 'உன் மைண்ட்செட்டை மாற்று' என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். மூன்று பேர் வேலையை ஒருவர் செய்வது, இரவு பதினொன்றுக்கு வரும் அழைப்புகள், பெயர் சொல்லி அவமானப்படுத்துவது இவையெல்லாம் தானியங்கி எண்ணங்கள் அல்ல, காகிதத்தின் இடப்பக்கத்தில் எழுத வேண்டியவை. அவற்றுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. தேதி போட்டுக் குறித்து வைத்து, எழுத்து மூலம் கேட்டு, முடியாவிட்டால் வேறு வேலை தேடுவதுதான் வழி. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டும் தூக்கத்தைக் குறைத்தும் வாழ்கிறவருக்கு, இங்கே சொன்ன எதுவும் பாதிப் பயன்கூடத் தராது.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்ப நினைத்தாலே உடம்பு மறுத்து, வாழ்வதே பாரமாகத் தோன்றினால், அது திறமைக் குறைவு அல்ல. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மாலை "கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் செய்தி அனுப்பாதீர்கள். எதைப் பற்றி என்று இன்னும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.